விசிறிக்கு அடியில் இருந்த செம்பு

பழைய கம்ப்யூட்டரைப் பிரிக்க ஒரு வீட்டுக்குப் போனால், முதல் வேலையாக வீட்டு ஆட்களை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள். காப்பி கேளுங்கள், தண்ணீர் கேளுங்கள், கரண்ட் மீட்டரைப் போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள், எதையாவது சொல்லி அனுப்புங்கள். நீங்கள் ஸ்குரூவைக் கழற்றும்போது முதுகுக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நான் கடையைக் கைமாற்றி விட்டு ஒதுங்கிய பிறகு, தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் யார் வந்து என்ன கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், தப்பில்லை. சிரித்து முடித்துவிட்டு இதைக் கேளுங்கள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை இருந்தது. பொம்பளை கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பாளா என்று ஆரம்பத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களே பிற்பாடு தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார்கள். கடைசிக் காலத்தில் பெரும்பாலும் கேம் ஆடும் பையன்களின் மெஷின்கள்தான். புதிது வாங்க வீட்டில் வசதி கிடையாது, பழையதில் புது கேம் ஓடாது. இருக்கிறதை வைத்து ஏதாவது பண்ணுங்கக்கா என்பார்கள். எது தேறும், எது தேறாது என்று பார்த்துச் சொல்வதுதான் நம் பிழைப்பு. மீதியெல்லாம் கைப்பழக்கம், அது உங்களுக்குத் தானாக வந்துவிடும்.

ஏரிக்கரை ஓரத்து ஊர் ஒன்றிலிருந்து பிரபு என்பவர் போன் செய்தார். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை, வீட்டுக்கு மூத்த பிள்ளை, கொஞ்சம் நிலமும் உண்டு. தம்பி கோகுலின் கம்ப்யூட்டர், கேம் ஆடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகிறதாம். அதிகம் செலவு வைக்காமல், பழைய சாமானையே வைத்துக்கொண்டு கொஞ்சம் வேகம் கூட்டித் தர வேண்டும் என்றார். கடைக்குக் கொண்டு வாங்களேன் என்றேன்.

"அவன் வெளிய எடுக்க வுட மாட்டான்க்கா. நீங்கதான் வரணும். உங்களத்தான் கூட்டியாரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்."

அதற்குள் அவருடைய அம்மா போனை வாங்கிக்கொண்டார். "ஏம்மா கம்ப்யூட்டரம்மா, அந்தப் பொட்டிக்குள்ள செம்பு கீதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செம்பு இல்லாம எந்த மெஷினும்மா ஓடும்? உள்ள நெறைய கீது," என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் போனேன். கொளுத்துகிற வெயில். வண்டியை நிறுத்திவிட்டுக் காலை ஊன்றியவள் ஒரு குழிக்குள் விழப் பார்த்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசல் முழுக்கக் குழிகள். தென்னைக்கு அடியில், கிணற்றோரம், மாட்டுக்கொட்டகைக்குள், துளசி மாடத்தைச் சுற்றி, எங்கே பார்த்தாலும் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். எதுவும் நடவில்லை, எதையும் மூடவுமில்லை. சுவரோரம் ஒரு குவியல் கிடந்தது. செப்புக் குடம், சொம்பு, பழைய ஒயர், பம்புசெட் மோட்டாரிலிருந்து பிடுங்கிய காயில் என்று அத்தனையும் செம்பு. அதன் மேல் வேப்பிலையைப் போட்டு மூடியிருந்தார்கள். யாரும் எனக்கு ஒன்றும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கோகுலின் அறை ஜன்னலைக் கறுப்பு பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்திருந்தார்கள். வெளியே அந்த வெயில், உள்ளே கேபினெட் விசிறியின் சிவப்பு வெளிச்சம் மட்டும். நிலைப்படியில் ஓர் எலுமிச்சம்பழம் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. அறையில் கற்பூர வாசனை. அந்தப் பையன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக இருந்தது. வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. நான் பையை இறக்கியதும் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். அங்கிருந்து கண்ணை எடுக்காமல் என் கையையே பார்த்தான்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது பிரபுவின் மனைவி ஸ்டெல்லா தண்ணீர் மொண்டு ஊற்றினாள். வாலாஜாபாத்துப் பெண். அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். காதல் கல்யாணம். வேறு சாதி, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் என்று மாமியார் சரோஜாம்மாவுக்குத் தொண்டையில் சிக்கிய முள். மருமகள் பெயரை அந்த அம்மாள் வாயால் சொல்வதே இல்லை என்பது வந்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துபோனது.

"யக்கா, அதுக்குள்ள ஏதாச்சும் கெடைச்சா மொதல்ல என்னாண்ட சொல்றீங்களா?"

"இன்னா கெடைக்கப் போவுது?"

அப்போதுதான் அவள் சொன்னாள். கோகுல் காலேஜ் பரீட்சையில் தவறியதிலிருந்து அறையை விட்டு வருவதில்லை. சாப்பாடு இறங்குவதில்லை, வீட்டு ஆட்களோடு பேச்சில்லை. இவள் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் அதே சமயம்தான். குறி சொல்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினார்களாம். வீட்டுக்குள் இருக்கிற ஆளே செய்வினை வைத்திருக்கிறது, செம்புத் தகட்டில் வைத்திருக்கிறது, தேடி எடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

"செம்புன்னு அவருக்கு எப்டித் தெரிஞ்சிச்சாம்?"

"கோகுலுதான்க்கா தூக்கத்துல செம்பு செம்புன்னு பொலம்புனாரு. எங்க அத்த போயி அத அந்த ஆளாண்ட சொன்னாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சாயந்திரம் எங்கப்பாவ வரச் சொல்லி கீறாங்க. தகடு கெடைச்சா என்னப் பொட்டியோட அனுப்பிடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. எங்க வூட்டுக்காரரும் வாயத் தொறக்கல."

 உள்ளே நிறைய செம்பு இருக்கிறது என்று போனில் நான் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

திரும்பி வந்து மெஷினை அணைத்து, என் டார்ச் வெளிச்சத்தில் பிரித்தேன். பின்னால் சரோஜாம்மாவும் பிரபுவும் வந்து நின்றார்கள். கேபினெட் தேறும். பவர் சப்ளை தேறும். போர்டு இன்னும் ரெண்டு வருஷம் உழைக்கும். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் போதும். நோய் கிராஃபிக்ஸ் கார்டில் இருந்தது. வேறு ஏதோ செத்த கார்டின் விசிறியையும் அதன் அலுமினியத் தட்டையும் எடுத்து யாரோ இதில் பொருத்தியிருந்தார்கள். காசு இல்லாதவன் செய்கிற வேலை அது, நாமும் செய்கிறதுதான். விசிறியைக் கழற்றித் தூக்கினேன். நடுச் சிப்பின் மேல், விபூதி பூசின மாதிரி காய்ந்துபோன வெள்ளைப் பசைக்கு நடுவில், ஒரு சின்னச் செப்புத் தகடு உட்கார்ந்திருந்தது.

கை பழக்கத்தில் அதைத் துணியால் துடைத்துவிட்டேன். நாலு பக்கமும் கோடு தெரிந்தது. நடுவில் ஓர் எண் தெரிந்தது. இருபத்திநாலு.

சரோஜாம்மாவின் மூச்சு என் கழுத்தில் பட்டது. "இருபத்திநாலு," என்றார், ரொம்ப மெதுவாக. "எம் புள்ள வயசு."

அந்த அம்மாள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. யாரும் கத்தவில்லை. விசிறி நின்றுபோன அறையில் அத்தனை பேரும் அந்தக் கட்டை விரல் நகமளவு செம்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்டெல்லா வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். நான் எத்தனையோ மெஷினைப் பிரித்தவள், எலி, ஓணான், பாம்புச் சட்டை எல்லாம் உள்ளேயிருந்து எடுத்தவள். அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கையிலிருந்த பொருளைக் கீழே போட்டுவிட வேண்டும் போல இருந்தது.

ஆனால் அது என்ன என்று எனக்குத் தெரியும். "அம்மா, இது சூட்டக் கடத்தறதுக்கு வெச்சது. வேற கார்டு தட்டுங்கறதால சிப்பத் தொடாம சந்து வுடுது. அந்தச் சந்த அடைக்க யாரோ செம்ப வெட்டி வெச்சி கீறாங்க. அவ்வளவுதான்," என்றேன். ஒருவரும் நம்பவில்லை. சரி, கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன். தகடு இல்லாமல் விசிறியை மாட்டி, டார்ச்சை அணைத்துவிட்டு மெஷினைப் போட்டேன். படம் வந்தது, கொஞ்ச நேரத்தில் கப்பென்று அணைந்து அறை இருட்டாகிவிட்டது. மறுபடி பிரித்து, பசை தடவித் தகட்டை வைத்துப் போட்டேன். படம் வந்தது, அணையாமல் நின்றது. பாருங்க என்று பெருமையாகத் திரும்பினேன்.

சரோஜாம்மா சுவரோடு ஒட்டிப்போயிருந்தார். "பாத்தியாடா பிரபு. எடுத்தா உசுரு போவுது, வெச்சா உசுரு வருது. எம் புள்ள உசுர இதுல கட்டி வெச்சி கீறா."

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் ஒன்றைக் கண் முன்னால் நிரூபித்துக் காட்டினால் எல்லாரும் நாம் பார்ப்பதையே பார்ப்பார்கள் என்று நினைக்கிறோம். பயந்துபோயிருக்கிறவர்கள் பயத்தைத்தான் பார்ப்பார்கள். நான் சூட்டைக் காட்டினேன், அவர்கள் உயிரைப் பார்த்தார்கள். என் வேலைத் திறமையே அந்தப் பெண்ணுக்கு எமனாகிவிட்டது.

"இது ஒரு துண்டுதான். மீதி அவ பொட்டில கீது. தொறக்கச் சொல்லு," என்றார் சரோஜாம்மா.

பிரபு மனைவியைப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஒரு வழியாகத் தொல்லை தீர்ந்தால் சரி என்று நினைக்கிற மனுஷன். "தொறந்து காட்டிடேன் ஸ்டெல்லா. ஒண்ணுமில்லன்னா அதோட முடிஞ்சிபோவும் இல்ல."

 ஸ்டெல்லா கூடத்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து தன் தகரப் பெட்டியை இழுத்து, திறந்து, தலைகீழாகக் கவிழ்த்தாள். புடவைகள், ஒரு பைபிள், செத்துப்போன அம்மாவின் போட்டோ, பிரபு வாங்கிக் கொடுத்த கவரிங் செட். ஒவ்வொன்றாக உதறினார்கள். செம்புத் தகடு இல்லை. "எங்க ஒளிச்சி வெச்சி கீறாளோ," என்று சரோஜாம்மா புடவை மடிப்புகளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நான் அறைக்குள் வந்துவிட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் மெஷினை அணைத்து, விசிறியை மறுபடி கழற்றி அலுமினியத் தட்டின் அடிப்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். கறுத்துப்போன பசைக்குள்ளிருந்து இன்னொரு செம்புத் துண்டு பெயர்ந்து விழுந்தது. இன்னும் சுரண்டினேன். இன்னொன்று. நடுச் சிப்பைச் சுற்றி இருக்கிற ஒவ்வொரு மெமரி சிப்புக்கும் ஒரு துண்டு. எல்லாம் ஒரே அளவு, கோட்டின் மேலேயே கத்தரித்தது, ஓரமெல்லாம் அரம் வைத்து ராவியது. ஒவ்வொன்றிலும் ஓர் எண். செய்வினை வைக்கிறவன் அரம் போட்டு ராவ மாட்டான். மெஷின் மேல் ஆசை இருக்கிறவன்தான் ராவுவான்.

தலையைத் தூக்கினேன். கோகுல் அதே சுவரில் சாய்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ வெட்டினதுதான?"

"ஆமாக்கா." மறைக்கவில்லை, தயங்கவுமில்லை. "சாமி அறையில கட்டம் கட்டமா நம்பர் போட்ட குபேரன் தகடு ஒண்ணு இருந்திச்சி. கடையில செம்புத் துண்டு கேட்டா வெல சொன்னாங்க. அதான்."

"தெரிஞ்சே ஏன்டா வாயத் தொறக்கல? வூட்டையே தோண்டிப் போட்டு கீறாங்களே."

அவன் இரண்டு உள்ளங்கைகளையும் என் டார்ச் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினான். கற்பூரம் வைத்துக் கொளுத்திய வட்டங்கள், ஆறினதும் ஆறாததுமாக, ஒன்றின் மேல் ஒன்று. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வராருக்கா அந்த ஆளு. ஏதாச்சும் கெடைச்சாதான் வுடுவாங்க. கெடைக்கணும்."

"தூக்கத்துல செம்புன்னு பொலம்புனியாமே."

"தூங்கல," என்றான்.

தூங்குகிற மாதிரி கிடந்து வேண்டுமென்றே சொல்லியிருக்கிறான். "அப்போ என்னக் கூப்ட்டது?"

"நீங்க விசிறியக் கயட்டாம வுட மாட்டீங்கன்னு பசங்க சொன்னானுங்க."

"அண்ணிய அனுப்பிடுவாங்களேடா பாவி."

"அவங்களுக்குப் போறதுக்கு ஒரு வூடு கீது." அணைந்து கிடந்த திரையைப் பார்த்தான். "எனக்கு இதான் கீது. சொல்லிடாதீங்கக்கா."

செய்வினை, பேய், பிசாசு எதற்கும் பயந்தவள் இல்லை நான். அந்தப் பையனின் குரல் கொஞ்சமும் ஏறவில்லை இறங்கவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஆனால் அந்தக் கைகளையும் பார்த்துவிட்டேனே. இவன்தான் வெட்டினான் என்று போய்ச் சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை கற்பூரம் எங்கே வைப்பார்களோ. சொல்லாவிட்டால் சாயந்திரத்துக்குள் அந்தப் பெண் தெருவில். யோசிக்க நேரம் தருகிற தொழில் இல்லை நம்முடையது. ஒரு பெயரும் சொல்வதில்லை, பொருளை மட்டும் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். முன்பு சூட்டைப் பற்றிப் பேசிக் கெடுத்தது போதும். துண்டுகளை எல்லாம் பளிச்சென்று துடைத்து, ஒரு சில்வர் தட்டில் போட்டுக் கூடத்துக்கு எடுத்துப் போனேன்.

"இதுங்களும் உள்ளதான் இருந்திச்சிம்மா," என்று சரோஜாம்மாவின் முன்னால் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் அவர் தொடவில்லை. இருபத்தேழு, இருபத்தாறு, இருபத்திமூணு என்று வாய்க்குள் படித்தார். அப்புறம் அவர் விரல் தானாக நகர்ந்தது. இருபத்தேழை இடது மூலைக்குத் தள்ளியது. பக்கத்தில் இருபதை வைத்தது. அதற்கடுத்து இருபத்தஞ்சு. வாராவாரம் அரிசி மாவில் குபேர கோலம் போட்டுப் பழகின விரல், யோசனைக்குக் காத்திருக்கவில்லை. இருபத்திநாலு நடுவில் போய் உட்கார்ந்ததும் தகடு முழுசாகிவிட்டது. இருபத்தேழின் மூலையில் ஆணி அடித்த ஓட்டை இருந்தது. ஓட்டைக்குள் ஒரு துளி குங்குமம் இன்னும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னுது," என்றார். பிறகு அந்தக் குங்குமத்தை விரலால் தடவியபடியே, "பொங்கலுக்கு வெள்ளையடிச்சப்போ காணாமப் போச்சின்னு நெனச்சேன்."

யார் வெட்டினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த வீட்டில் ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். பிரபு தரையைப் பார்த்தார். சரோஜாம்மா அந்த இருட்டு அறைப் பக்கம் திரும்பினார். முகம் அப்படியே இளகிவிட்டது. அத்தனை நாள் பயமும் இறங்கி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சின்னப் புள்ள. தெரியாம வெட்டிட்டான்," என்றார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பசியா கீறானோ இன்னாவோ. ரெண்டு வாய் சோறு போடறேன்."

நான் போய் என் வேலையை முடித்தேன். செம்பு இருந்த இடத்தில் முறையான சூடு கடத்தும் பட்டையை வைத்தேன். டிஸ்க்கை மாற்றினேன். மற்றதெல்லாம் அதே பழைய சாமான்தான். கோகுல் உட்கார்ந்து ஒரு கேமைப் போட்டுப் பார்த்தான். கார்டின் சூடு அளவுக்கு மேல் ஏறவே இல்லை. அவன் அம்மா தட்டோடு வந்து பக்கத்தில் நின்று ஊட்டிவிட, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தான்.

கூடத்துக்கு வந்தபோது ஸ்டெல்லாவின் அப்பா வந்திருந்தார். மொபெட்டை வெளியே நிறுத்திவிட்டுத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. பிரபு சிரிக்க முயற்சி செய்தார். "ஒண்ணுமில்ல மாமா, சும்மாதான். உள்ள வாங்க, காப்பி சாப்புடுங்க." ஸ்டெல்லா கவிழ்த்த துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துப் பூட்டினாள். கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை. தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னா ஸ்டெல்லா இது? அதான் உன் மேல தப்பு இல்லன்னு ஆயிடிச்சே," என்றார் பிரபு.

"நான் வெட்டியிருந்தா செய்வின. உங்க தம்பி வெட்டுனா தெரியாம வெட்டுனது." அவள் அழவில்லை. "அதக்கூட வுட்டுடுவேன். நீங்க என்னப் பொட்டியத் தொறக்கச் சொன்னீங்க."

 அவள் பெட்டியோடு வெளியே போய், மொபெட்டில் அப்பாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். போகும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். நன்றியா, கோபமா, அது எனக்கு இன்றுவரை புரியவில்லை. மொபெட் சத்தம் ஏரிக்கரைத் திருப்பத்தில் தேய்ந்து போகிறவரை நானும் பிரபுவும் வாசலிலேயே நின்றோம். உள்ளே கோகுல் ஹெட்செட்டில் யாரிடமோ பேசத் தொடங்கியிருந்தான். அன்று முழுக்க நான் கேட்காத குரல் அது, உற்சாகமாக இருந்தது.

"இப்ப சூப்பரா ஓடுதுடா மச்சான்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு பிரச்சனையும் இல்ல."